படுக்க இடமில்லாத ஆஷ்வெல்

1

போன திங்கட்கிழமை காலையில், பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு பர்லாங் தூரம் இருக்கும்போதே, என் மகள் வள்ளியம்மை வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இங்கேயே எறங்கிக்கறேம்பா."

"ஏன் கண்ணு, வாசல் இன்னும் வரலையே?"

"வாசல்ல எல்லாரும் நிப்பாங்க. ரோசலின் ஆஷ்வெல் கார்ல வந்து எறங்குவா. நான் இதுல போய் எறங்குனா சிரிப்பாங்க."

"அவளோட ஆஷ்வெல் என்ன வேற பள்ளிக்கூடத்துக்கா போகுது? அதுவும் இதே வாசல்லதானே வந்து நிக்குது?"

"உங்களுக்குப் புரியாதுப்பா."

இறங்கிக் கைக்குட்டையால் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். பதினான்கு வயது. அவள் உடுத்தியிருந்த உடுப்பு, சப்பாத்து, தோளில் தொங்கிய பை எல்லாம் அந்த வண்டி ஓடிச் சம்பாதித்தவை. மலேயாவில் இந்த ஈப்போ பட்டணத்தில் அதை வாடகைக்கு ஓட்டித்தான் ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அமெரிக்கா தேசத்து வண்டி, எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. மழையில் நனைந்தாலும் கிளம்பும். ஏதாவது கழன்றால் ஒரு கம்பியை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேரலாம். ஒரு வண்டியிடம் வேறென்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த ஊரில் நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வண்டி ஓடுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. என்ன பெயர் என்றுதான் கேட்பார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய கிராணி இருக்கிறார். தோட்டத்து ஆபீசில் கணக்குப் பிள்ளைகளுக்கெல்லாம் மேலே. ஆஷ்வெல் வைத்திருக்கிறார். தினம் இரண்டு தரம் அதைக் குளிப்பாட்டுகிறார். அதன் மூக்கில் இறக்கை விரித்த ஒரு வெள்ளிப் பறவை உண்டு. அதைத் தன் அங்கவஸ்திரத்தாலேயே துடைக்கிறார். பெட்ரோல் செலவாகுமே என்று ஆபீசுக்கு ரிக்‌ஷாவில் போகிறார். பெற்ற தாய்க்கு அந்த மனிதர் அந்தத் துணியால் ஒரு நாள் முகம் துடைத்திருப்பாரா என்பதை முருகன்தான் அறிவான்.

மகள் வாயில் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் இதே மாதத்தில் நான் ஊருக்கு வந்திருந்தபோது நடந்ததை, மலையில் இருக்கும் சொந்தங்களும் சேந்தமங்கலம், நாமக்கல் பக்கத்து அன்பர்களும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இல்லை.

2

நான் கொல்லிமலை வளப்பூர் நாட்டுக்காரன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எங்கள் மலைக்கு இன்றைக்கும் ரோடு கிடையாது. சாமையானாலும் பலாப்பழமானாலும் தலைச்சுமையாகத்தான் இறங்க வேண்டும். ஆள் நோயில் விழுந்தால் கம்பளியைத் தொட்டிலாக்கி மூங்கிலில் கட்டி, அதில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கி வருவோம். அதற்கு எங்களில் தூளி என்று பெயர். அடிவாரம் வந்ததும் அவிழ்த்து மாட்டு வண்டிக்கு மாற்றி, நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட்ட வேண்டும்.

என் அண்ணன் அப்படித்தான் போனான். மலையிறங்கும் வரை பேசிக்கொண்டு வந்தான். தூளி ஆடுவதைப் பார்த்து, "மெதுவாடா, கல்யாணத்துக்கா போறோம்?" என்று தூக்கியவர்களைக் கேலி செய்தான். அடிவாரத்தில் வண்டிக்கு மாற்றினோம். சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. மாடு என்ன செய்யும், அதன் நடை அவ்வளவுதான்.

அன்றைக்கு எங்கள் மலைச் சாமி அறப்பளீசுவரரை நினைத்து ஒரு நேர்த்தி வைத்தேன். என் நாட்டு நோயாளிகளுக்காக அடிவாரத்தில் ஒரு மோட்டார் வண்டி நிறுத்துவேன் என்று. கையில் அப்போது கப்பலுக்குக் கூடக் காசு இல்லை. ஆனாலும் சாமியிடம் வாய் விட்டாயிற்று.

மலேயாவுக்கு வந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், லாரியில் கிளீனராக இருந்தேன், டிரைவராக ஆனேன். பன்னிரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் புறப்பட்டேன். அதற்கும் பயணக் காகிதம் கொடுக்கும் ஆபீசில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். காகிதத்தில் சொந்த ஊர் என்ற இடத்துக்கு எதிரே ரோட்டின் பெயரும் எழுத வேண்டுமாம்.

"ரோடு இல்லீங்க" என்றேன்.

"ரோடு இல்லாமல் எப்படி ஊர்?" என்றார் குமாஸ்தா, அவரும் தமிழர்தான்.

"நடந்து போவோமுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேலம்" என்று போட்டு முத்திரை குத்தினார். நான் பிறந்த மலையைக் காகிதத்தில் தொலைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினேன்.

3

ஊருக்கு வந்த இரண்டாம் வாரம் வண்டி பார்க்கச் சேலம் போனோம். கூட வந்தவன் என் தங்கை பாவாயியின் புருஷன் வையாபுரி. நல்ல உழைப்பாளி. பலாப்பழ வியாபாரம் செய்து, மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டு மனிதர்களோடு பழகியவன். நான் திரும்பிப் போன பின்பு வண்டியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன் அவன்தான்.

கையில் ஒரு கயிறு கொண்டுபோயிருந்தேன். எங்கள் ஊரில் நெட்டையான ஆளைப் படுக்கவைத்து அளந்த கயிறு. சேலத்து மோட்டார் ஷாப்பில் அதை நான் எடுத்ததும், கழுத்துப் பட்டை கட்டிய விற்பனைக்காரப் பிள்ளையாண்டான் சிரிக்க ஆரம்பித்தான்.

"என்ன கவுண்டரே, வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டா போகப் போறீங்க?"

"உள்ளுக்குள்ள ஒரு ஆள் நீட்டிப் படுக்க எடம் இருக்குதான்னு பாக்கோணுங்க."

"ஆஷ்வெல்ல யாரும் படுக்க மாட்டாங்க. உட்கார்ந்து போவாங்க. உட்கார்ந்து போறதைத்தான் நாலு பேர் பார்ப்பாங்க."

அவன் காட்டிய ஆஷ்வெல்லின் பின் ஆசனம் இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுவே, பெரிய மனிதர்கள் முழங்கை வைத்துக்கொள்ள, தோல் உறை போட்ட ஒரு திண்டு. தூக்க முடியாது, மடக்க முடியாது. அடிவயிறு தரையைத் தொடுவதுபோல் தாழ்வு. எங்கள் அடிவாரப் பாதையின் கற்களை நினைத்துக்கொண்டேன்.

ஷாப்பின் பின்புறம், சாக்கு மறைவில் வேறொன்று நின்றது. நான் ஈப்போவில் ஓட்டும் அதே ஜாதி வண்டி. யாரோ டாக்டர் ஓட்டி விற்றது. இஞ்சினைக் கிளப்பிக் காது கொடுத்துக் கேட்டேன். அடியில் படுத்துப் பார்த்தேன். முன் ஆசனத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டதும் கயிறு முழுசாக நீண்டது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நானே உள்ளே ஏறி மல்லாந்து படுத்தும் பார்த்தேன். கால் இடிக்கவில்லை. ஒரு ஆஷ்வெல் விலைக்கு இதைப்போல் இரண்டு வாங்கலாம்.

"மாப்ளே, இதுதான் நம்ம வண்டி" என்றேன்.

 வையாபுரி அந்த ஆஷ்வெல்லின் வெள்ளிப் பறவைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, சாமி முன்னால் நிற்பதுபோல நின்றிருந்தான்.

4

மலைக்குத் திரும்பியதும் ஊர் கூடியது. ஒருவருக்கும் மோட்டார் வண்டி என்றால் இன்னதென்று தெரியாது. ஆனால் அபிப்பிராயம் எல்லாரிடமும் இருந்தது.

"மச்சான் மலேயாவுல இருந்து வந்து நிறுத்தற வண்டி தகர டப்பாவா? கீழ்நாட்டுக்காரன் வாயால சிரிக்க மாட்டானுங்க" என்றான் வையாபுரி.

"அவன் சிரிச்சா நமக்கு என்ன மாப்ளே? சீக்காளி போய்ச் சேந்தாப் போதாதா?"

"உங்களுக்கு என்னங்க, நீங்க கப்பலேறிப் போயிருவீங்க. நாளைக்கு அடிவாரத்துல நிக்கறவன் நானு."

ஊர்க்கவுண்டரும் அவன் பக்கம்தான். "ஏனுங்க தம்பி, பொண்ணு பாக்கப் போறப்போ கிழிஞ்ச வேட்டியில போவோமா? நாட்டுக்கு ஒரு கெவுருதி வேண்டாமா?" என்றார். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும் பெண் பார்க்கப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அதற்கு அவர் வெற்றிலை மென்றார். பதில் தெரியாத பெரிய மனிதர்களுக்கு வெற்றிலை ஒரு வரப்பிரசாதம்.

கடைசியில் நானே சொன்னேன், அம்மனிடம் பூக் கேட்கலாம் என்று. எங்களில் பெரிய காரியம் எதற்கும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் பொட்டணமாகக் கட்டிச் சந்நிதியில் போடுவோம். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்த பூ அம்மன் வாக்கு. மற்றப் பொட்டணத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகும். அப்படியே கொண்டுபோய் ஓடையில் விட்டுவிடுவோம்.

வெள்ளை வந்தால் அமெரிக்க வண்டி, சிவப்பு வந்தால் ஆஷ்வெல் என்று பேச்சு. வையாபுரிதான் பொட்டணம் கட்டிக் கொண்டுவந்தான். சிவப்பு அரளி வந்தது. நான் விழுந்து கும்பிட்டேன். அம்மனுக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பன்னிரண்டு வருஷச் சம்பாத்தியத்தைக் கொண்டுபோய் அந்தக் கழுத்துப் பட்டைக்காரன் மேசையில் வைத்தேன். அவன் இந்த முறை என்னை "சார்" என்றான்.

5

ஆஷ்வெல் அடிவாரத்துக்கு வந்த அன்று ஒரு திருவிழாதான். மணியன் என்ற கீழ்நாட்டுப் பிள்ளையை டிரைவராக வைத்தோம். அவனும் அன்று முதல் தலை வாரக் கற்றுக்கொண்டான். பக்கத்து ஊர்களிலிருந்து மிட்டாதாரர், மிராசுதார் என்று ஆள்மேல் ஆளாக வந்து பறவையைத் தொட்டுப் பார்த்தார்கள். இஞ்சின் மூடியைத் திறந்து காட்டவா என்றேன். "அதெதுக்குங்க, எண்ணெய்ப் பிசுக்கு" என்றார் ஒருவர். தேரைப் பார்க்க வந்தவர்களுக்கு அச்சாணியைக் காட்டுகிறேனாம்.

அந்த மாதம் இரண்டு நோயாளிகள் மலையிறங்கினார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், உட்கார்ந்தே போனார். இன்னொருவர் காலில் புண். "தோலுல சீழ் பட்டாப் போவாதுங்க" என்று மணியன் ஆசனத்தின்மேல் சாக்குப் போட்டு உட்காரவைத்தான். நான் முறைத்தேன். ஆனால் சாக்கை எடுக்கச் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். விலை கொடுத்தவன் நான் அல்லவா, அந்தத் தோலைக் கண்டால் எனக்கும் ஒரு இது.

இதற்கிடையே கீழ்நாட்டில் ஒரு புது வழக்கம் பிறந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஆஷ்வெல் வராவிட்டால் சம்பந்தி முகம் கொடுத்துப் பேச மாட்டாராம். நேற்று வரை மாட்டு வண்டியில் போய்த் தாலி கட்டியவர்கள்தான். வையாபுரியிடம் வந்து வந்து கேட்டார்கள். மலைக்காரன் என்று வாசலில் நிறுத்திப் பேசியவர்கள் இப்போது பாய் விரித்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். "ரெண்டு மணி நேரந்தானுங்க மச்சான், பெட்ரோல் காசு வந்துரும்" என்று அவன் ஆரம்பத்தில் என்னிடம் கேட்டான். கூடாது என்றேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். நான் அதை நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

6

பாவாயி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. இதற்கு முன் இரண்டு கர்ப்பம் தங்கியதில்லை. ஒரு புதன்கிழமை அவளுக்கு வலி கண்டது. வியாழக்கிழமை விடிந்தும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "கொழந்த குறுக்க நிக்குதுங்க. என்ற கையில ஒண்ணுமில்ல. எறக்கிக் கொண்டுபோங்க" என்றாள்.

தூளி கட்டினோம். முன்னால் நானும் வையாபுரியும், பின்னால் இரண்டு பேர். பாவாயி ஒவ்வொரு திருப்பத்திலும், "அண்ணா, அடிவாரம் வந்துருச்சா?" என்றாள். "இந்தா வந்துருச்சு கண்ணு. வண்டி நிக்குது. ஏறுனா ஒரே அழுத்து" என்றேன் நான். வையாபுரி ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்தான். பெண்டாட்டி படும் பாடு தாங்காமல் ஊமையாகிவிட்டான் என்று எனக்கு அவன்மேல் இரக்கம் கூட வந்தது.

கடைசி இறக்கத்தில், அடிவாரத்து வண்டிக் கொட்டகை கண்ணில் படுவதற்குக் கொஞ்சம் முன்னால், அவன் நின்றுவிட்டான்.

"மச்சான்."

"நட மாப்ளே, நிக்காத."

"வண்டி அடிவாரத்துல இல்லீங்க."

எனக்குப் புரியவில்லை. "ரிப்பேரா?"

"பண்ணைக்காரர் ஊட்டுக் கல்யாணமுங்க. நேத்தே போயிருச்சு."

தோளில் மூங்கில் இருந்ததால் அவன் பிழைத்தான். கீழே வைத்துவிட்டு அடிக்கலாம் என்றால் அதில் படுத்திருப்பது என் தங்கை. கொட்டகையில் ஆணியில் ஒரு சாக்கு தொங்கியது. அவ்வளவுதான். மறுபடியும் மாட்டு வண்டி, மறுபடியும் வைக்கோல். என் அண்ணனை ஏற்றிய அதே இடத்தில் நின்று பாவாயியை ஏற்றினேன். மோட்டார் வாங்கிக் கொடுத்த புண்ணியவானின் தங்கை மாட்டு வண்டியில் போனாள்.

சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம் எதிரே மேளச் சத்தம் கேட்டது. கல்யாணம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துவரும் கூட்டம். நடுவே ஆஷ்வெல். மாலையும் வாழைக்குருத்தும் கட்டி, பறவையின் கழுத்திலும் ஒரு பூச்சரம்.

மணியன் ஹாரன் அடித்தான். "ஓரம் போங்கய்யா! மாப்ள வண்டி வருது!"

வையாபுரி குதித்து ஓடி நடுரோட்டில் நின்றான். "நிறுத்துடா மணி! உள்ள ஏத்தோணும்டா, பாவாயி கெடக்கறா!"

முன் ஆசனத்தில் இருந்த பண்ணைக்காரர், மாப்பிள்ளையின் தகப்பனார், தலையை நீட்டினார். "என்றா இது? காசு வாங்கிப் போட்டுக்கிட்டு நடுவழியில மறிக்கறயா?"

"காசத் திருப்பிக் குடுத்தர்றேனுங்க. எம் பொண்டாட்டிங்க. ரெண்டு நாளா வலிங்க."

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணும். மாட்டு வண்டியில வந்தவ அப்பிடியே போவட்டும். மலைக்காரிக்குப் பெத்துப் போட ஆஷ்வெல் கேக்குதாக்கும்?"

வையாபுரியின் முகத்தை நான் பார்த்தேன். இந்தச் சொல்லைக் காதில் கேட்கக் கூடாது என்றுதானே அவன் அந்தப் பறவையை வாங்கச் சொன்னான். அதே வண்டியில் உட்கார்ந்துகொண்டு அதே சொல்லைச் சொன்னார்கள்.

பின் கதவு திறந்தது. இறங்கியது கல்யாணப் பெண். பதினாறு வயது இருக்கும். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது.

"நான் எறங்கிக்கறேனுங்க மாமா" என்றாள்.

"நீ உக்காரு கண்ணு, நல்ல நேரம்..."

"அந்த அக்காளுக்கும் நல்ல நேரம் வேணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாவாயியைக் கைத்தாங்கலாக இறக்க வந்துவிட்டாள். அப்புறம் எங்கள் மாட்டு வண்டியில் ஏறி, இரத்தம் பட்ட வைக்கோலின் மேலேயே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் பின்னால் போனான். பண்ணைக்காரரும் வேறு வழியில்லாமல் இறங்கினார். அந்தக் கூட்டத்தில் மனுஷி என்று ஒருத்தி இருந்தாள். அவள் பெயரைக் கேட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது பெயர் தெரியாமலேதான் அவளுக்காகக் கும்பிடுகிறேன்.

பாவாயியைப் பின் ஆசனத்தில் ஏற்றினோம். ஏற்றினோம் என்றால் என்ன? படுக்க இடமில்லை. அவள் தலை என் மார்பில். கால்கள் வையாபுரி மடியில். நடு முதுகுக்குக் கீழே அந்தத் திண்டு.

"அண்ணா, இடுப்புக்கு அடியில கட்டையா இருக்குது. அத எடுங்க அண்ணா."

எடுக்க முடியாது. நான் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். வண்டி சத்தமே போடாமல் ஓடியது. சத்தமே இருக்காது என்று விற்றவன் சொன்னது பொய் இல்லை. அவள் முனகியதெல்லாம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

7

பொழுது இறங்க ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். பாவாயி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. முன்னமே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா என்று டாக்டரம்மாளைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அதைச் சுமந்துகொண்டு கப்பல் ஏற எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் காலை கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். பாவாயி மேலே பார்த்தபடியே பேசினாள்.

"அண்ணா, ரெண்டு பொட்டணத்துலயும் செவப்புத்தான் இருந்துச்சு."

"என்ன சொல்ற?"

"அரளி பறிச்சுக் குடுத்தது நாந்தான். வெள்ளை வேண்டாமான்னு கேட்டேன். அவரு பேசாதேன்னாரு. புருசனக் காட்டிக் குடுக்கறதான்னு இருந்துட்டேன். அம்மங்கிட்ட கள்ளம் பண்ணுனோம். அவ கொழந்தைய எடுத்துக்கிட்டா."

என் தங்கையின் தலையில் கை வைத்தேன். நான் சாமி காரியத்தில் பெரிய ஞானி இல்லை. ஆனால் அந்த ஒரு விஷயம் எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது.

"அம்மன் அப்பிடிச் செய்ய மாட்டா பாவாயி. ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொருத்தங்கிட்ட இருந்து பிடுங்கறது மனுசப் புத்தி. அத அவ மேல போடாத."

அவள் அழுதாள். நல்லதுதான், அதுவரை அழவில்லை.

நான் வையாபுரியைத் தேடி வெளியே போனேன். அவனை அடித்தே தீர்வது என்றுதான் போனேன். மரத்தடியில் ஆஷ்வெல் நின்றது. மாலைகள் வாடித் தொங்கின. பின் கதவைத் திறந்துவைத்து, ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து அவன் ஆசனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கையை ஓங்கினேன்.

"யாருக்குடா தொடைக்கற? அடுத்த மாப்ளைக்கா?"

அவன் தலை தூக்கினான். இரவெல்லாம் தூங்காத முகம். "கைய வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியலீங்க மச்சான்."

"ரெண்டும் செவப்பா?"

"ஆமாங்க." மறைக்கவில்லை. "நீங்க அந்தப் பக்கம் போயிட்டீங்க. நாங்க இங்கயே கெடந்து அவனுக பேசறதக் கேட்டோமுங்க. பலாப்பழத்த எறக்கி வெச்சாக் காசத் தூக்கி எறிவானுக, கையில குடுக்க மாட்டானுக. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவனுக நம்ம பொருளப் பாத்து வாயப் பொளக்கோணும்னு இருந்துச்சு." மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான். "பொளந்தானுங்க."

திண்டின் மடிப்பில் கறை போகவே இல்லை. ஓங்கிய கையை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை வாளியில் நனைத்துப் பிழிந்து, மறுபக்கம் உட்கார்ந்து நானும் துடைத்தேன். சாக்குப் போட்டு உட்காரவைத்த அன்று வாயை மூடிக்கொண்டிருந்தவன் நானும்தானே.

8

அந்த வண்டியை யார் வாங்கினார் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். அதே பண்ணைக்காரர். தேடிக்கொண்டு அவரே வந்தார். இஞ்சினைக் கேட்கவில்லை. சக்கரத்தைப் பார்க்கவில்லை. பறவை அசல் வெள்ளியா என்று ஒரு கேள்வி கேட்டார். கறையைக் காட்டி, இது என்ன என்றார்.

"என்ற தங்கச்சி ரத்தமுங்க" என்றேன்.

"உறை தச்சுப் போட்டுக்கலாம், தெரியாது" என்றார்.

நான் சொன்ன விலையில் காலணா குறைக்காமல் எண்ணி வைத்தார். பெயருக்கு விலை கொடுக்கிறவனிடம் பேரம் பேச வேண்டிய வேலையே இல்லை. கர்வத்தை விற்றுத்தான் உலகத்தில் பாதிக் கம்பெனிகள் நடக்கின்றன.

சேலத்தில் அந்த டாக்டர் வண்டி சாக்கு மறைவில் இன்னும் நின்றது. ஒருவரும் சீந்தவில்லையாம். ஓட்டிக்கொண்டு வந்தோம். மணியனை நிறுத்திவிட்டேன். வையாபுரி என்னிடம் வந்து, "கூலிக்கு ஓட்டறவன் கல்யாணத்துக்குப் போயிருவானுங்க. எனக்குக் கத்துக் குடுங்க" என்றான். நான் கப்பல் ஏறப் பதினெட்டு நாள் மிச்சம் இருந்தது. அதற்குள் சொல்லிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் மாட்டை அதட்டுவதுபோல் வண்டியை அதட்டினான். மூன்றாம் நாள் அதுவும் நின்றது. கியர் மாற்றத் தெரிந்துகொண்டான்.

இப்போது அவன் அடிவாரக் கொட்டகையிலேயே குடியிருக்கிறான். வாரம் ஒரு நாள் மலையேறிப் பாவாயியைப் பார்த்து வருகிறான். கீழ்நாட்டார் அந்த வண்டிக்கு ஏதோ பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம். என்ன பெயர் என்று அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருஷத்தில் பதினோரு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். அதில் ஒன்பது பேர் நடந்து திரும்பி மலையேறினார்கள்.

நேற்று அவனிடமிருந்து கடிதம் வந்தது. கொட்டகைக்குப் பக்கத்துக் கடைக்காரரைக் கொண்டு எழுதியிருக்கிறான். க்ஷேமம் விசாரித்து, மழை நல்ல மழை என்று சொல்லி, கடைசியில் கொஞ்சம் வருத்தத்தோடு இப்படி முடித்திருக்கிறான்: "மச்சான் அவர்களுக்கு, இந்த மாதம் மலையிலிருந்து நோயாளி என்று ஒருவரும் இறங்கவில்லை. வண்டி சும்மாவேதான் நிற்கிறது. தினம் ஒரு தரம் கிளப்பி அணைக்கிறேன்."

கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினேன். என் வீட்டுக்காரி, "என்னங்க, ஏதாச்சும் நல்ல சேதியா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். "வண்டி சும்மா நிக்குதாம்."